கெம்பஸ் கிடைத்த பிள்ளைக்குப் பொன்னாடை, டெக்னிக்கல் போன பிள்ளைக்கு பஸ் காசும் இல்லையா?



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபமும் வரலாம். முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

உயர்தரப் பெறுபேறு வெளியான அடுத்த நாள் நம் ஊர்களில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். சந்திக்குச் சந்தி பேனர். பேஸ்புக் முழுக்கப் போட்டோ. பழைய மாணவர் சங்கம் ஒரு பக்கம், விளையாட்டுக் கழகம் ஒரு பக்கம், பள்ளிவாசல் நிர்வாகம் இன்னொரு பக்கம் என்று ஒரே பிள்ளைக்கு நாலு கௌரவிப்பு விழா. பொன்னாடை, ஷீல்ட், காசோலை, அரசியல்வாதியோடு படம். மருத்துவ பீடம், பொறியியல் பீடம் போகும் பிள்ளைக்கு லெப்டொப் வாங்கிக் கொடுக்க வெளிநாட்டிலிருந்தும் காசு வரும்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இரவு பகலாக உழைத்தவர்கள். அவர்களைக் கௌரவிக்கத்தான் வேண்டும். நான் கேட்பது மற்றப் பிள்ளைகளைப் பற்றி.

இந்த நாட்டில் உயர்தரம் எழுதி, பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறும் பிள்ளைகளிலேயே ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அரச பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது. திரும்பவும் சொல்கிறேன், இது தகுதி பெற்றவர்களின் கணக்கு. பெயிலானவர்கள் இதில் சேரவில்லை. ஓ.எல்லோடு நின்றவர்கள் சேரவில்லை. அம்பாறை மாவட்டம் பின்தங்கிய மாவட்டம் என்பதால் 5 வீத விசேட ஒதுக்கீட்டில் நமக்கும் பங்கு வருகிறது. அப்படி இருந்தும் பெரும்பாலான பிள்ளைகள் வெளியேதான் நிற்கிறார்கள். அப்படியானால் நம் ஊரின் காசும் கவனமும் கைதட்டலும் ஒரு சிறு தொகைப் பிள்ளைகளுக்கு மட்டும் போகிறது. மிச்சப் பேரை நாம் எங்கே விட்டிருக்கிறோம்?

மிச்சப் பேருக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 1995ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது, அடுத்த வருடம் பல்கலைக்கழகமானது. மர்ஹூம் அஷ்ரஃப் அவர்களின் பெயரோடு சேர்த்து அந்தக் கதையை நம் சிறுபிள்ளையும் சொல்லும். அதே 1995இல்தான் 12ஆம் இலக்கச் சட்டத்தால் தொழிற்பயிற்சி அதிகார சபை வந்தது. அதே வருடம் 29ஆம் இலக்கச் சட்டத்தால் உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகம் வந்தது. நாம் ஏ.ரி.ஐ என்று சொல்கிற இடங்களெல்லாம் அதன் கீழ்தான் இயங்குகின்றன. மூன்றுக்கும் ஒரே வயது. ஒன்றை மட்டும் நம்முடையது என்று கொண்டாடுகிறோம். மற்ற இரண்டும் என்ன கற்பிக்கின்றன என்று ஊரில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

சம்மாந்துறையில் ஏ.ரி.ஐ இருக்கிறது. கல்லோயாத் திட்டக் காலத்தில் உருவான ஹாடி அம்பாறையில் இருக்கிறது. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. நிந்தவூரில் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. நைட்டா மூலம் வேலைத்தளத்திலேயே பயிலுனராகச் சேரலாம். இவையெல்லாம் நம் வரிப்பணத்தில் நடப்பவை, நம் வாசலில் இருப்பவை.

இங்கே பெறும் சான்றிதழுக்கு மேலே போக வழி இல்லை என்றும் சொல்ல முடியாது. தேசிய தொழிற் தகைமைக்கு ஏழு மட்டங்கள். என்.வி.கியூ 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 என்றால் பட்டத்துக்குச் சமம். 5 அல்லது 6 முடித்த பிள்ளை இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2008இன் 31ஆம் இலக்கச் சட்டத்தால் அந்தப் பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டதே இந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான். ஓ.எல் சரிவராத பிள்ளை வயரிங்கில் தொடங்கிப் பட்டதாரியாக முடியும். இதை எத்தனை பெற்றோருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

சரி, வழி இருக்கிறது. அப்படியானால் பிள்ளைகள் ஏன் பாதியில் நிற்கிறார்கள்? அந்தப் படிப்புக் கஷ்டம் என்பதால் நின்றவர்கள் குறைவு. சின்னச் சின்னக் காரணங்களுக்காக நின்றவர்களே அதிகம்.

என்னிடம் படித்த ஒரு மாணவி. ஊர் பேரெல்லாம் வேண்டாம். வாப்பா வயல் வேலை. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, கெம்பஸ் கிடைக்கவில்லை. உயர் தேசிய டிப்ளோமாவுக்குத் தெரிவானாள். வீட்டில் சந்தோசம். இரண்டாவது செமஸ்டரோடு நின்றுவிட்டாள். கம்பியூட்டர் இல்லை, அசைன்மென்ட் செய்ய ஒவ்வொரு முறையும் கொமியூனிகேசன் கடையில் காசு கொடுக்க வேண்டும். காலையில் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். தம்பியும் ஓ.எல் வகுப்புக்கு வந்துவிட்டான். யாரோ ஒருவரின் செலவைக் குறைக்க வேண்டும் என்றபோது வீட்டில் இவளுடையதைக் குறைத்தார்கள். இன்று ஒரு உடுப்புக் கடையில் நிற்கிறாள்.

இன்னொரு மாணவன். ஏ.சி திருத்தும் பயிற்சி. வகுப்பெல்லாம் ஒழுங்காக முடித்தான். அந்தப் பாடநெறி முடிய வேலைத்தளப் பயிற்சி சில மாதம் செய்து காட்ட வேண்டும். நம் ஊரில் ஏ.சி திருத்தும் கடை எத்தனை, ஹோட்டல் எத்தனை! ஒரு முதலாளியும் எடுக்கவில்லை. "சேட்டிபிக்கட் தேவையில்ல தம்பி, வேலை தெரிஞ்சா போதும், நாளைக்கே வா, கூலிக்கு நில்லு" என்று ஒருவர் சொன்னாராம். அவன் கூலிக்கு நின்றான். சான்றிதழ் கிடைக்கவில்லை.

இந்த இருவருக்கும் தேவைப்பட்டது என்ன? கணக்குப் பாருங்கள். ஒரு நாள் போய்வர 200 ரூபா என்று வையுங்கள். மாதம் 20 நாள். 4,000 ரூபா. சீசன் எடுக்க முடிந்தால் அதைவிடக் குறையும், ஆனால் சீசனுக்கு ஏற்ற நேரத்தில் பஸ் ஓட வேண்டுமே. ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 50,000க்கும் குறைவு. உங்கள் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, கடைசியாக வைத்த கௌரவிப்பு விழாவின் மேடை, சவுண்ட், சாப்பாடு, ஷீல்ட் செலவைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் காசில் எத்தனை பிள்ளைகள் ஒரு வருடம் படித்திருப்பார்கள் என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னால் வரும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுக்கிறேன்.

"அரசாங்கம் இலவசமாகத்தானே படிப்பிக்கிறது, நாம் என்ன செய்ய?" பல்கலைக்கழகத்திலும் இலவசமாகத்தான் படிப்பிக்கிறார்கள். அங்கே மகாபொல இருக்கிறது, விடுதி இருக்கிறது, நூலகம் இருக்கிறது. அதற்கு மேலும் நாம் கொடுக்கிறோம். பாடத்துக்குக் காசு இல்லை என்பதால் பஸ்ஸுக்கும் காசு இல்லை என்று ஆகிவிடாது. ஓவரோல், சேப்டி சப்பாத்து, மல்ட்டி மீட்டர், ஸ்பேனர் செட் எல்லாம் யார் வாங்குவது?

"அந்தப் பிள்ளைகள் ஒழுங்காகப் போவதில்லை, பாதியில் விட்டுவிடுகிறார்கள்." போகும் பிள்ளையை யாராவது விசாரித்ததுண்டா? டியூசனுக்கு ஒரு நாள் போகாவிட்டால் சேர் வீட்டுக்குக் கோல் எடுப்பார். டெக்னிக்கலுக்கு ஒரு மாதம் போகாவிட்டாலும் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கவனிக்க ஆள் இருந்தால் பிள்ளை நிற்கும். கெம்பஸ் பிள்ளை கடைசிவரை நின்று படிப்பதில் பாதி, ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற உணர்வு.

"எப்படியும் வெளிநாடுதான் போகப் போகிறான்." போகட்டும். பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக இந்த நாட்டை விட்டுப் போனார்கள். எப்படிப் போகிறான் என்பதுதான் பிரச்சினை. பிளம்பர், எலக்ட்ரீசியன், வெல்டர் போன்ற தொழில்களுக்கு சவூதி இப்போது திறன் பரீட்சை வைக்கிறது. தொழில் தெரிந்து, தாளோடு போகிறவனுக்கு ஒரு சம்பளம். "எது கிடைத்தாலும் செய்வேன்" என்று போகிறவனுக்கு வேறு சம்பளம். நம் பிள்ளைகளை இரண்டாவது வரிசையில் நிறுத்தி வைத்திருப்பது நாம்தான்.

"பொம்பளப் புள்ளய எப்படி அவ்வளவு தூரம் அனுப்புற?" இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். உம்மாமாரின் பயம் நியாயமானது. ஆனால் அதே மகளுக்கு பேராதனை கிடைத்தால் அனுப்புகிறோம். யாழ்ப்பாணம் கிடைத்தாலும் அனுப்புகிறோம். எப்படி? அங்கே ஏற்கனவே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, நல்ல போடிங் பார்த்து, மாமாவோ சாச்சாவோ கொண்டுபோய் விட்டு, ஊரே சேர்ந்து ஏற்பாடு செய்கிறது. அதே ஏற்பாட்டை இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஏ.ரி.ஐக்கு ஏன் செய்ய முடியாது? ஒரே நேரத்தில் போகும் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேன் பேசிக் கொடுக்க ஒரு மஹல்லாவால் முடியாதா?

"ஸகாத் பணத்தை இதற்குக் கொடுக்கலாமா?" மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை, உலமாக்களிடம் கேளுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை டெக்னிக்கலில் சேர்ந்த அன்று பணக்காரனாகிவிடுவதில்லை. அவனுடைய உம்மாவுக்கு தையல் மெசின் கொடுத்துப் படம் எடுக்க முடியுமென்றால், அதே வீட்டில் தையலையும் ஆடை வடிவமைப்பையும் முறையாகப் படிக்கும் மகளுக்குப் போக்குவரத்துச் செலவு கொடுக்கவும் வழி இருக்கும். ஸகாத் வேண்டாமென்றால் ஸதகா இருக்கிறது. தனவந்தர்கள் இருக்கிறார்கள். கட்டி முடித்த பள்ளிக்கு மூன்றாவது முறை டைல்ஸ் மாற்றும் காசு இருக்கிறது.

இதற்கெல்லாம் அடியில் கிடப்பது மரியாதைக் குறைவு. "என்ன புள்ள படிக்கிற?" "டெக்னிக்கல்." "ஏன், கெம்பஸ் கிடைக்கலியா?" இந்த ஒரு கேள்வியை ஒரு கலியாண வீட்டில் ஐந்து பேர் கேட்டால் அந்தப் பிள்ளை ஆறாவது வீட்டுக்குப் போகாது. பாடசாலையும் இதில் பங்காளி. 2017இல் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், ஓ.எல் பெறுபேறு எப்படி இருந்தாலும் பிள்ளை தொழிற்பாடங்களைப் படிக்கலாம் என்று ஒரு பிரிவே தொடங்கினார்கள். நல்ல திட்டம். அதை "பெயிலானவன்ட கிளாஸ்" என்று பேர் வைத்தவர்கள் யார்? கல்வி அமைச்சு வைக்கவில்லை. தாவூத் நபி இரும்பு வேலை செய்தார்கள், ஸகரிய்யா நபி தச்சு வேலை செய்தார்கள் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, வெளியே வந்து ஓடாவியின் மகனுக்குப் பெண் கொடுக்க யோசிக்கும் சமூகம் நாம்.

2015 ஒக்டோபர் 29 நினைவிருக்கிறதா? உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா மாணவர்கள் தங்கள் தகைமைக்குரிய அங்கீகாரம் கேட்டுக் கொழும்பு வார்ட் பிளேசில் போராடினார்கள். பொலிஸ் தடியால் அடித்தது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நாலு வருடம் படிக்கும் படிப்பு அது. அதைப் படிக்கும் பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். நம் சங்கங்களில் ஒன்றாவது அன்று அவர்களைக் கூப்பிட்டு "உங்களுக்கு என்ன பிரச்சினை" என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. நம் பாடசாலைகளில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர்களில் ஆங்கில டிப்ளோமா வழியாக வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்கும்போது மட்டும் அந்தப் படிப்புக் கசப்பதில்லை.

நாம் கவனிக்காத இந்த இடைவெளியில் வியாபாரிகள் புகுந்துவிட்டார்கள். பெறுபேறு வந்த வாரம் வீட்டு வாசலில் நோட்டீஸ் விழும். "ஆறு மாதத்தில் டிப்ளோமா, வேலை நிச்சயம்." உம்மாவின் காப்பு அடகுக்குப் போகும். முடிவில் கிடைப்பது எந்த அலுவலகமும் கையில் எடுக்காத கலர் பேப்பர். எல்லாத் தனியார் நிறுவனங்களும் அப்படியில்லை. ஆனால் காசு கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா? நான் சேரும் இந்தக் குறிப்பிட்ட பாடநெறிக்கு என்.வி.கியூ அங்கீகாரம் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. பதிவு இருந்தும் பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம், இலக்கத்தைக் கேட்டு வாங்கி ஆணைக்குழுவில் சரிபாருங்கள்.

சும்மா குறை சொல்லிவிட்டுப் போக நான் இதை எழுதவில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இந்த வருடமே செய்யக்கூடியவை இவை.

1. பெறுபேறு வந்த வாரத்தில் பள்ளிவாசலில் ஒரு மேசை போடுங்கள். ஓ.எல்லுக்கும் வேண்டும், ஏ.எல்லுக்கும் வேண்டும். ஏ.ரி.ஐ, தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்பயிற்சி நிலையம், நைட்டா ஆகியவற்றின் பாடநெறி, தகுதி, விண்ணப்ப முடிவுத் திகதி எல்லாம் ஒரு தாளில் இருக்க வேண்டும். விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க இரண்டு ஆசிரியர் போதும். நான் வரத் தயார்.

2. ஊரிலிருந்து இந்த இடங்களுக்குப் போகும் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். கெம்பஸ் பிள்ளைகளின் பட்டியல் எல்லாச் சங்கத்திடமும் இருக்கிறது. இந்தப் பட்டியல் ஒருவரிடமும் இல்லை. பட்டியல் இல்லாமல் உதவியும் இல்லை.

3. போக்குவரத்துக்கு மாதாந்த உதவி. ஒருமுறை கொடுத்துப் படம் எடுக்கும் உதவி வேண்டாம். பாடநெறி முடியும் வரை, வரவுப் பதிவைப் பார்த்து, சத்தமில்லாமல் கொடுங்கள். அரச உதவித்தொகைக்கு அந்தப் பிள்ளைக்குத் தகுதி உண்டா என்று நிறுவன அலுவலகத்தில் விசாரிக்கவும் ஒருவரைக் கூட அனுப்புங்கள்.

4. இரவல் பொருள் அறை. ஐந்து பழைய லெப்டொப், பத்து டூல் செட். பாடநெறி முடிய ஒப்படைத்துவிட வேண்டும், அடுத்த பிள்ளைக்குப் போகும்.

5. சிங்களமும் ஆங்கிலமும். நம் பிள்ளை கொழும்பில், கண்டியில் வேலைத்தளப் பயிற்சிக்குப் போய்த் தடுமாறுவது பெரும்பாலும் மொழியில்தான். பள்ளிவாசல் மண்டபம் மாலையில் சும்மாதான் கிடக்கிறது.

6. முதலாளிமாரே, இது உங்களுக்கு. கராஜ், வெல்டிங் கடை, ஹோட்டல், கட்டிட வேலை, கம்பியூட்டர் கடை வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு பிள்ளையைப் பயிற்சிக்கு எடுங்கள். கூலியாக எடுக்க வேண்டாம், பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கும் பொறுப்போடு எடுங்கள்.

7. ஏற்கனவே தொழில் செய்யும் மேசன், ஓடாவி, வயரிங் பாஸ்மாருக்கும் இதில் இடம் இருக்கிறது. முன் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ வழங்கும் முறை ஒன்று உண்டு. இருபது வருடம் வேலை செய்த மனிதர் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. கோவை தயாரிக்கவும் மதிப்பீட்டுக்கு முகம் கொடுக்கவும் உதவி இருந்தால் போதும். அவரது சான்றிதழ் அவரது மகனுக்கும் ஒரு தைரியம்.

8. அடுத்த கௌரவிப்பு விழாவில் மருத்துவ பீடப் பிள்ளைக்குப் பக்கத்துக் கதிரையில் என்.வி.கியூ முடித்த பிள்ளையை உட்கார வையுங்கள். பெயரை ஒரே குரலில் வாசியுங்கள்.

இதில் எதற்கும் அமைச்சர் வரத் தேவையில்லை. கோடிகளும் தேவையில்லை. ஒரு மஹல்லா மனம் வைத்தால் மூன்று மாதத்தில் தொடங்கலாம்.

ஊரில் நள்ளிரவில் மின்சாரம் கோளாறானால் யாருக்குக் கோல் எடுக்கிறோம்? தண்ணி மோட்டர் நின்றால்? கடலுக்குப் போகும் இயந்திரப் படகு பழுதானால்? பள்ளியில் ரமழான் இரவில் ஸ்பீக்கர் வேலை செய்யாவிட்டால்? அந்த மனிதர்கள் வானத்திலிருந்து வருவதில்லை. இப்போது பஸ் காசில்லாமல் வீட்டில் நிற்கும் அந்தப் பிள்ளைதான் அவர்.

உங்கள் மஹல்லாவில் டெக்னிக்கல், ஏ.ரி.ஐ, தொழிற்பயிற்சி நிலையங்களுக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் எண்ணிக்கையை மட்டும் கொமென்டில் போடுங்கள், பிள்ளைகளின் பெயர் வேண்டாம். தெரியாவிட்டால் இந்த ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் நிர்வாகத்திடம் கேளுங்கள். அவர்களுக்கும் தெரியாவிட்டால், வேலையை அங்கிருந்து தொடங்குவோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் எல்லோருடைய கல்வியிலும் உழைப்பிலும் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.